‘ஒரு மீல்ஸ்’ என்கிறோமே, அந்த மீல் எங்கிருந்து வந்தது?

செக்காலைக்காரன்

வணக்கம். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆங்கில அகராதியில் ‘மீல்’ என்ற சொல்லை இரண்டு தனித்தனிப் பதிவாகப் போட்டு, பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். முதலாவதற்குச் சாப்பாடு என்று பொருள். இரண்டாவதற்கு மாவு. மாவும் சாப்பிடுகிற பொருள்தானே, அப்புறம் ஏன் ஒரே சொல்லாகப் போடவில்லை என்று கேட்கிறான். அதோடு விட்டானா? ‘பீஸ்மீல்’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக என்று போட்டிருக்கிறதே, அதில் சாப்பாடு எங்கே வந்தது என்று அடுத்த கேள்வி.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர் ‘மீல்ஸ் ரெடி’ பலகைதான். காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ‘ரெண்டு மீல்ஸ்’ என்கிறோம், சரி. ‘ஒரு மீல்ஸ்’ என்றும் சொல்கிறோமே, அது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்ச்சொல் வேட்டை

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ‘மெல்’ என்ற தமிழ் வினைதான். மென்று தின்பது மீல். கறி அங்கே போய்க் ‘கரி’ ஆனது, மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது, சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. இதுவும் அப்படிப் போனதுதான். கப்பலேறி வட்டிக்கடை வைத்த ஊர்க்காரர்களுக்கு, சொல்லும் கப்பலேறும் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

பள்ளத்தூர் வாத்தியார்

செக்காலைத் தம்பி, உங்கள் பையன் கேட்டது நல்ல கேள்வி. அகராதிக்காரர்கள் எண் போட்டுப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. அவை இரண்டும் ஒரே சொல் இல்லை. வேறு வேறு இடத்தில் பிறந்து, காலப்போக்கில் ஒலியும் எழுத்தும் தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. நம் ‘ஆறு’ இல்லையா? நதிக்கும் ஆறு, எண்ணுக்கும் ஆறு. அந்த மாதிரி.

முதலில் சாப்பாட்டு மீல். பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1100க்கு முந்தைய ஆங்கிலத்தில், இது ‘மேல்’ என்பது போல ஒலித்தது. ‘பேட்’, ‘கேட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வாய் திறக்கிறதே, அந்தத் திறப்போடு நீட்டிச் சொல்ல வேண்டும். அதன் பொருள் அளவு, குறி, குறித்த நேரம். அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால் சாப்பாட்டுக்கும் அதே பெயர் வந்தது. ஆக, அந்தச் சொல்லில் தட்டும் இல்லை, இலையும் இல்லை, சோறும் இல்லை. கடிகாரம்தான் இருந்தது.

‘பீஸ்மீல்’ அந்தப் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. ஒரு நேரத்துக்கு ஒரு துண்டு, அளவு அளவாக என்று அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் இதே வாலை ஒட்டித் துளித்துளியாக, குவியல் குவியலாக என்பதற்கெல்லாம் சொற்கள் இருந்தன. எல்லாம் வழக்கொழிந்து போய், இது ஒன்றுதான் பிழைத்தது.

இரண்டாவது மீல், மாவு. அது பழைய ஆங்கிலத்தில் ‘மெலு’. அரைப்பது, நொறுக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. ‘மில்’ என்ற சொல்லுக்கு உறவு. ‘ஓட்மீல்’ என்கிறோமே, அதில் உள்ளது இந்த மீல்தான். ஓட்ஸை நொறுக்கிய மாவு என்று பொருள், ஓட்ஸ் சாப்பாடு என்று இல்லை.

வேர்ச்சொல் வேட்டை

‘மெலு’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் ஐயா. மெலு – மெல்லு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அரைப்பதும் மெல்லுவதும் ஒரே வேலை. கடைவாய்ப் பல்லுக்கு ஆங்கிலத்தில் ‘மோலார்’ என்று பெயர். மெல்லுகிற பல்.

பள்ளத்தூர் வாத்தியார்

கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்றால் யார் கொண்டு போனார்கள், எப்போது, எந்த வழியாக என்று கேட்க வேண்டும். கறிக்கு அது தெரியும். போர்த்துகீசியர் இந்தக் கரைக்கு வந்த பிறகு அவர்கள் வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. கஞ்சி ‘காஞ்ஜி’ ஆனதும் அதே வழியில். மிளகுத்தண்ணியைச் சென்னையில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் கொண்டு போனார்கள். இவற்றுக்கெல்லாம் தேதியும் தடமும் இருக்கின்றன.

மெலுவுக்கு அந்தத் தடம் இல்லை. அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்து மொழிகளில் அதன் உடன்பிறப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஜெர்மனில் மாவுக்கு ‘மேல்’. லத்தீனில் அரைப்பதற்கு ‘மோலெரெ’, திரிகைக் கல்லுக்கு ‘மோலா’. ‘மோலார்’ அங்கிருந்து வந்தது. மெல்லுகிற பல் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, திரிகைப் பல் என்றுதான் வைத்தார்கள். ரோமர்கள் பலியிடும் விலங்கின் தலையில் உப்புக் கலந்த மாவைத் தூவுவார்கள். பலி கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘இம்மொலேட்’ என்ற சொல் வந்தது அந்த மாவிலிருந்துதான்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இரண்டு உதாரணம். பாரசீகத்தில் கெட்டது என்பதற்கு ‘பத்’. ஆங்கிலத்தில் ‘பேட்’. பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, உறவு கிடையாது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்று, ம்பபரம் என்று பெயர். அதில் நாய்க்கு ‘டாக்’ என்றே சொல். அதுவும் தற்செயல்தான்.

புதுவயல் மில்காரர்

மில்லும் மீலும் சொந்தம் என்று கேட்டதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எங்கள் தொழிலில் இந்த இரண்டாவது மீல் இன்றும் நடமாட்டத்தில் இருக்கிறது. நெல்லை அவித்து, களத்தில் காயப்போட்டு, மில்லில் விட்டால் அரிசியோடு உமி, தவிடு, குருணை என்று தனித்தனியாக வரும். குருணையும் தவிடும் மாட்டுத்தீவன, கோழித்தீவனக் கம்பெனிகளுக்குப் போகும். அங்கே லாரிச் சீட்டைப் பார்த்தால் ‘சோயா மீல்’, ‘ஃபிஷ் மீல்’ என்று இருக்கும். சோயா மீல் என்றால் எண்ணெய் எடுத்த சோயா, நம் கணக்கில் புண்ணாக்கு. ஃபிஷ் மீல் என்றால் காய்ந்த மீனை அரைத்த தூள். மனிதன் சாப்பிடுகிற சாப்பாடு என்று இவ்வளவு நாளாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் ஏன் மீல் என்கிறார்கள் என்று நான் யோசித்தது உண்டு.

புதிதாக வேலைக்கு வந்த கணக்குப்பிள்ளைப் பையன் ‘ஃபிஷ் மீல் 20 மூட்டை’ என்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கு முதலாளி இவ்வளவு மீன் சாப்பாடு என்று கேட்டான். கோழிக்கு என்றேன். கோழிக்கு நல்ல கவனிப்புத்தான் என்றான்.

கோட்டையூர் டு ஸ்டுட்கார்ட்

வாத்தியார் சொன்னதற்கு இங்கே ஜெர்மனியில் தினமும் சாட்சி கிடைக்கிறது. ஜெர்மனில் ‘மால்’ என்றால் தடவை. ‘ஐன்மால்’ ஒரு தடவை, ‘ஸ்வைமால்’ இரண்டு தடவை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லவும் அதே மால்தான். மூன்று மால் நான்கு பன்னிரண்டு. அதே ஒலியில், எழுத்தில் மட்டும் ஒரு ‘ஹெச்’ சேர்த்து எழுதினால் சாப்பாடு. மாவுக்கு மேல், அரைப்பதற்கு ‘மாலென்’. நான்கையும் முதலில் கேட்டபோது தலை சுற்றியது.

மதியம் பன்னிரண்டு மணி நெருங்கினால் ஆபீஸ் வராண்டாவில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ‘மால்ட்ஸைட்’ என்பார்கள். நேர் அர்த்தம் சாப்பாட்டு நேரம். பயன்படுத்துவது வணக்கத்துக்குப் பதிலாக. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களோ என்று நினைத்து, இல்லை, இன்னும் சாப்பிடவில்லை என்று நீட்டி முழக்கிப் பதில் சொன்ன நம் ஊர்ப் பையன்களை எனக்குத் தெரியும். சாப்பிட்டீர்களா என்று கேட்டு வளர்ந்த வாய்க்கு வேறு எப்படித் தோன்றும்?

தேவகோட்டை ஆச்சி

நான் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சாப்பாட்டை நேரத்தால் சொல்வது வெள்ளைக்காரனுக்கு மட்டும் உள்ளதா என்ன? ‘மூணு வேளையும் சோறு’ என்கிறோம். ‘ஒரு வேளைக் கஞ்சி’ என்கிறோம். விரதம் இருந்தால் ‘இன்னைக்கு ஒருபொழுது’ என்போம். ஒருபொழுது என்றால் ஒரு நேரம்தான் சாப்பாடு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் காலையில் ‘பசியாறியாச்சா’ என்று கேட்போம், டிபன் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டோம். சாயங்காலத்துக்கு இடைப்பலகாரம். அந்தப் பெயரிலும் நேரம்தான் இருக்கிறது, இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் வருவது.

அளவு என்று வாத்தியார் எழுதியதும் எங்கள் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்தார். இரண்டாங்கட்டில் உலையரிசி அளந்து போடுவதை வேறு யாரிடமும் விடமாட்டார். பித்தளைப் பூண் போட்ட படி. மூட்டையில் முக்கி எடுத்து, விளிம்போடு சுட்டுவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் தலை தட்டிவிடும், ஓர் அரிசி கூடாது. ஒன்று என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்று ஆரம்பிப்பார். லாபம், ரெண்டு, மூணு. ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று கணக்கு. விருந்தாளி வந்தால் மட்டும் விரலை இழுக்காமல் கும்பாரமாக அப்படியே கொட்டுவார். அதற்கு ஒரு கணக்கும் கிடையாது.

பள்ளத்தூர் வாத்தியார்

ஆச்சி, நீங்கள் படியை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நான் நாழியை எடுத்துக்கொள்கிறேன்.

மீல் என்ற சொல்லில் அளவும் நேரமும் சேர்ந்து இருந்தது என்றேன் அல்லவா? 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட காத்திக் மொழியில், இது ஆங்கிலத்துக்கு அத்தை மகள் மாதிரி, ‘மேல்’ என்றால் காலம். ‘மேலா’ என்றால் தானியம் அளக்கும் மரக்கால். ஒரே வேர், இரண்டு சொல்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நாழி, தானியம் அளப்பது. நாழிகை, நேரம் அளப்பது, ஒரு நாளுக்கு 60, ஒன்றுக்கு 24 நிமிடம். நாழிகை வட்டில் வைத்து நீர் கணக்கில் நேரம் பார்த்தார்கள். காத்திக்காரனும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்யவில்லை. தானியத்தை அளந்தவனுக்கு நேரத்தையும் அளக்க வேண்டியிருந்தது, கைவசம் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டான். புறநானூற்றில் 189ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’ என்பார். உலகத்தை ஒரு குடைக்கீழ் ஆள்கிற அரசனானாலும் இரவும் பகலும் தூங்காமல் வேட்டைக்குத் திரிகிறவனானாலும் சாப்பிடுவது ஒரு நாழிதான். அங்கே நாழி என்பது அளவு மட்டும் இல்லை, சாப்பாட்டுக்கே அதுதான் பெயராக நிற்கிறது. மீல் என்பதை ஒரே சொல்லில் தமிழாக்கு என்று யாராவது என்னைக் கேட்டால் நாழி என்றுதான் சொல்வேன். யாரும் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. மீலுக்கு வேரான அந்த அளத்தல் வேர் சமஸ்கிருதத்திலும் ‘மா’ என்று உண்டு. அதிலிருந்து ‘மாத்ரா’, அளவு. அது தமிழில் மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. அளந்து கொடுக்கிற மருந்துக்கும் அதுவே பெயர் ஆனது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதும்போது மீலும் மாத்திரையும் தூரத்துச் சொந்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் தினமும் இரண்டு வேளை இந்தச் சொந்தங்களைச் சேர்த்து வைக்கிறேன்.

வேர்ச்சொல் வேட்டை

மாத்திரையும் வடமொழி, மீலும் இந்தோ-ஐரோப்பியம், அதாவது வடமொழியும் ஆங்கிலமும் சேர்ந்த அதே மொழிக்குடும்பம். நல்லது. மெல்லுவது மட்டும் எங்களுக்கு, அவ்வளவுதானே? நான் என் கருத்தில்தான் இருக்கிறேன்.

பள்ளத்தூர் வாத்தியார்

தாராளமாக இருங்கள். நாழியை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலைக்கணக்கு

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன் நான். ‘ஒரு மீல்ஸ்’ ஏன் என்று செக்காலை அண்ணன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வந்தேன்.

என் கணிப்பு, அது பலகையிலிருந்தும் பில் புத்தகத்திலிருந்தும் வந்தது. பலகை எழுதுகிறவன் பலருக்கும் சேர்த்து ‘மீல்ஸ்’ என்று எழுதினான். பில்லிலும் மீல்ஸ் என்று அச்சடித்துப் பக்கத்தில் எண் போட இடம் விட்டான். படித்த ஜனங்களுக்கு அந்தக் கடைசி ‘ஸ்’ பன்மை விகுதியாகத் தெரியவில்லை, பெயரின் ஒரு பகுதியாகத் தெரிந்தது. ‘ஒரு சிப்ஸ் பாக்கெட்’, ‘ஒரு ஸ்நாக்ஸ்’ என்று சொல்வதும் இந்தக் கதைதான். தனியாக மீல் என்று சொன்னால் சர்வருக்கு ஒன்றும் புரியாது.

எங்கள் தொழிலில் மீல்ஸ் என்ற பேச்சே கிடையாது. இலைதான். ‘மாப்பிள்ளை வீட்டில் எத்தனை இலை?’ என்று கேட்போம். முதல் நாள் இரவுப் பலகாரத்துக்கு இவ்வளவு இலை, காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு என்று பேசி அட்வான்ஸ் வாங்குவோம். பந்தி முடிந்ததும் எடுத்த இலையை எண்ணுவதற்கென்று ஓர் ஆள் பின்கட்டில் நிற்பான். வீட்டுக்காரர் தரப்பிலும் ஒருவர் நிற்பார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அன்றைக்கு நல்ல நாள். குழந்தைக்குப் போட்ட இலை முழு இலையா அரை இலையா என்பதில் ஆரம்பிக்கிற பேச்சு சில சமயம் தாலி கட்டி முடிந்த பிறகும் முடியாது.

இலையில் எது எந்த இடம் என்பதும் கணக்குத்தான். உப்பு, ஊறுகாய், துவட்டல், கூட்டு, மண்டி, பிரட்டல் என்று மேல் வரிசை ஓடும். வெள்ளைப் பணியாரமோ கல்கண்டு வடையோ இல்லாத காலைப் பந்திக்கு எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். ஓட்டலில் ‘அளவுச் சாப்பாடு’, ‘முழுச் சாப்பாடு’ என்று இரண்டு உண்டு. மீல் என்றாலே அளவு என்று வாத்தியார் சொல்கிறார். அப்படியானால் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ என்று பலகை வைக்கிறார்களே, அளவில்லாத அளவா?

கானாடுகாத்தான் கைடு

இலைக்கணக்கு அண்ணே, சிரித்து முடியவில்லை.

நான் வெளிநாட்டுக்காரர்களை வீடு பார்க்கக் கூட்டிப் போகிறவன். முகப்பு, வளவு, பட்டாலை எல்லாம் காட்டிவிட்டு மத்தியானம் ‘செட்டிநாடு மெஸ்’ என்று ஒரு பலகைக்குக் கீழே நிறுத்தினால் அவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மெஸ் என்றால் அவர்களுக்குக் குப்பை, அலங்கோலம். சாப்பாட்டுக்கடைக்கு எவனாவது இப்படிப் பெயர் வைப்பானா என்று ஓர் அம்மையார் கேட்டே விட்டார். மிலிட்டரியில் மெஸ் உண்டே என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் கதை என்ன வாத்தியார்?

பள்ளத்தூர் வாத்தியார்

பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், பழைய பொருள் நம் பக்கம்தான் இருக்கிறது. லத்தீனில் அனுப்புவது, வைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. மேஜையில் கொண்டுவந்து வைக்கப்பட்ட பதார்த்தம். பழைய பிரெஞ்சில் ‘மெஸ்’. ஆங்கிலத்துக்கு வந்து ஒரு வட்டில் உணவு என்று இருந்து, 15ஆம் நூற்றாண்டில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் பங்கிட்டுச் சாப்பிடுகிறவர்கள் என்று ஆனது, பெரும்பாலும் நான்கு பேர். பட்டாளத்து மெஸ், ஹாஸ்டல் மெஸ் எல்லாம் இதன் வழி. மாட்டுக்கும் பன்றிக்கும் கலந்து ஊற்றுகிற கூழுக்கும் அதே பெயரைச் சொல்லி, அதிலிருந்து கலவை, குழப்பம், அலங்கோலம் என்று 19ஆம் நூற்றாண்டில் இறங்கியது. அடுத்த முறை அந்த அம்மையாரிடம், எங்கள் பலகை உங்கள் அகராதியைவிடப் பழையது என்று சொல்லுங்கள்.

‘டிபன்’ இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் ‘டிஃபிங்’ என்று ஒரு பேச்சுச்சொல் இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் ஒரு வாய் குடிப்பதும் கொறிப்பதும். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதை மத்தியானச் சிற்றுண்டிக்கு வைத்துக்கொண்டார்கள். அங்கே சொல் செத்துவிட்டது. நாம் அதை எடுத்துக் காலைக்கும் மாலைக்கும் இட்லிக்கும் பணியாரத்துக்கும் பாத்திரத்துக்கும் வைத்துவிட்டோம்.

‘டின்னர்’ என்றால் இரவுச் சாப்பாடு என்று நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்கு வேர் பார்த்தால் பட்டினியை முறிப்பது. ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பதும் பட்டினியை முறிப்பதுதான். ஒன்று பிரெஞ்சு வழி, ஒன்று நேர் ஆங்கிலம். ஆச்சி சொன்ன பசியாறுதலுக்கு இரண்டும் பொருந்தும். முதல் சாப்பாட்டுக்கு வைத்த பெயர் நாளின் முக்கியச் சாப்பாட்டுக்குப் போய், அது நடுப்பகலுக்கு நகர்ந்து, பிறகு சாயங்காலம், இரவு என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

செக்காலைக்காரன்

பையன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறான். ‘ஸ்கொயர் மீல்’ என்பதைக் கேட்கச் சொன்னான். பழைய கப்பல்களில் மாலுமிகளுக்குச் சதுரமான மரத்தட்டில் சாப்பாடு போட்டதால் வந்தது என்று வீடியோ ஒன்றில் சொன்னார்களாம்.

பள்ளத்தூர் வாத்தியார்

மரத்தட்டு இருந்தது உண்மை, சொல் அதிலிருந்து வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கிளம்பிய வழக்கு அது. ‘ஸ்கொயர்’ என்றால் நேர்மையான, ஒழுங்கான என்ற பொருள் அதற்கு முன்பே உண்டு. கொடுத்த காசுக்கு ஏமாற்றாத சாப்பாடு. கப்பல் கதைகளை வீடியோக்காரர்கள் விடமாட்டார்கள்.

சத்துணவு அமைப்பாளர்

இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் திட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘நூன் மீல்’, தமிழில் சத்துணவு. ஆங்கிலப் பெயரில் நேரம் இரண்டு முறை வருகிறது என்று இதைப் படித்த பிறகுதான் தெரிகிறது. நூன் என்பதும் நேரம், மீல் என்பதும் நேரம். தமிழில் வைத்தவர்கள் நேரத்தை விட்டுவிட்டுச் சத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் ஆரம்பித்தது, காமராசர் காலத்தில் 1956இல் மாநிலத்துக்கு விரிந்தது, 1982 ஜூலை 1 அன்று எம்ஜிஆர் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. முதல் இரண்டு கட்டத்திலும் பெயர் மதிய உணவுதான். வருடக் கணக்கை விடுங்கள், நான் சொல்ல வந்தது அளவு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், அதற்கு மேலே 150 கிராம். காலையில் வருகைப் பதிவு எடுத்து, தலையை எண்ணி, பெருக்கி, தராசில் நிறுத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உலை வைக்கிறோம். ஆச்சியின் அப்பத்தா செய்ததை அரசாங்க முத்திரையோடு செய்கிறோம், அவ்வளவுதான். கும்பாரமாகக் கொட்டத்தான் எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், காலையில் வீட்டில் ஒன்றும் இருக்காது. அவன் தட்டுக்கு என் ஆயாம்மா எந்தக் கரண்டியால் போடுகிறார் என்று நான் பார்ப்பதில்லை.

வேர்ச்சொல் வேட்டை

சரி, மீலை விடுங்கள். ‘ரைஸ்’ என்பது அரிசியிலிருந்து போனது. இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பள்ளத்தூர் வாத்தியார்

இது வேறு வகைக் கேள்வி, இதற்கு உட்கார்ந்து பேசலாம். கிரேக்கத்தில் ‘ஒரூஸா’, அதிலிருந்து லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பாதை தெளிவு. கிரேக்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதில்தான் ஈரானிய மொழிகளா, தென்னிந்தியாவா என்று அறிஞர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். பெரிய விஷயம், இங்கே வேண்டாம்.

நெறியாளர்

ரைஸ் – அரிசிக்குத் தனி இழை திறந்தாயிற்று. அது பற்றிய பதிவுகளை அங்கே போடவும்.

புதுவயல் மில்காரர்

போகிற போக்கில் ஒரு கேள்வி. கடையில் ‘மீல் மேக்கர்’ என்று விற்கிறார்களே, அதில் இருப்பது எந்த மீல்? சாப்பாடா, மாவா?

பள்ளத்தூர் வாத்தியார்

அது முதலில் ஒரு கம்பெனி வைத்த பெயர். சாப்பாடு ஆக்குவது என்ற அர்த்தத்தில்தான் வைத்திருப்பார்கள். இப்போது தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி சோயா உருண்டையும் மீல் மேக்கர்தான். ஆனால் செய்முறையைப் பார்த்தால் எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்து சின்னத் துளை வழியாகத் தள்ளுகிறார்கள், வெளியே வந்ததும் பொரிந்து உப்புகிறது. அதாவது உங்கள் லாரிச் சீட்டில் இருக்கும் சோயா மீலின் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு மீலும் ஒரே பொட்டலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இலைக்கணக்கு

சைவப் பந்திக்கு அதில் உப்புக்கறி போடச் சொல்லி இப்போதெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, சக்கை சக்கையாக இருக்கிறது. ஆச்சி, ஏதாவது வழி உண்டா?

தேவகோட்டை ஆச்சி

வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, ஒட்டப் பிழியணும் தம்பி. பிழிவதில்தான் இருக்கிறது. அப்புறம் நல்லெண்ணெயில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு, அடுப்பைக் குறைத்து வைத்து வதக்கு. தண்ணீர் ஊற்றாதே. தக்காளி ஒன்று போதும்.